வெற்றிலைக்கு வக்காலத்து வாங்குவோர்

அண்மைக் காலமாக நம்மவரிடையே ஒரு விசித்திரமான விஞ்ஞானப் பற்றுத் தோன்றியிருக்கிறது. பழைய வழக்கம் ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமாயின் முன்பெல்லாம் 'முன்னோர் செய்தது' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. இன்று அது போதவில்லை. ஆய்வுகூடத்திலிருந்து ஒரு நற்சான்றும் வேண்டப்படுகிறது. நற்சான்று கிடைத்துவிட்டாலோ, அதில் எழுதப்பட்டிருப்பது யாது, எழுதாமல் விடப்பட்டது யாது என்று எவரும் கேட்பதில்லை. வெற்றிலைக்கு இன்று நேர்ந்திருப்பது இதுவே. வெற்றிலையை இரசாயன முறையிற் பகுத்துப் பார்த்தார்கள். அதில் இன்னின்ன அரும்பொருள்கள் உள்ளன என்று கண்டார்கள். ஆகவே வெற்றிலை போடுவது உடலுக்கு நன்று. இதுதான் வாதம். இவ்வாதம் பொய்யானது என்று காட்டுவதே நமது நோக்கம்.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்று சிலர் கேட்கலாம். நமக்கு இரசாயனம் தொழிலன்று. பல்கலைக்கழகத்திற் கற்றதும் பாடசாலையிற் கற்பிப்பதும் தமிழே. ஆயினும் இந்தப் பொய்யிற் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

சில காலத்துக்கு முன் பாடசாலையில் ஒரு விஞ்ஞானக் கண்காட்சி நடைபெற்றது. ஒருகொடவத்தையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் 'வெற்றிலையின் மருத்துவக் குணங்கள்' என்று ஒரு சுவர்ப்படம் வரைந்திருந்தான். பச்சை மையில் அழகான இலை. இலையைச் சுற்றி அம்புக்குறிகள். ஒவ்வோர் அம்புக்குறியின் நுனியிலும் ஒரு நற்குணம். 'வாய்ப்புண்ணை ஆற்றும்' என்பது அவற்றுள் ஒன்று. 'ஆற்றும்' என்பதை அவன் 'ஆட்றும்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதைத் திருத்திக் கொடுத்தவர் நாமே. எழுத்துப் பிழையைக் கண்டோம். கருத்துப் பிழையைக் கண்டோமில்லை.

கண்காட்சியைப் பார்க்க அவனுடைய தந்தை வந்திருந்தார். கொள்கலன் பண்டகசாலையில் சுமை ஏற்றி இறக்குபவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேலிராது. தேநீரும் வடையும் கொடுத்தார்கள். அவர் வடையைச் சிறு சிறு துணுக்குகளாகக் கிள்ளி, உதடுகளின் இடையே செருகி, வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். "உடம்புக்கு என்ன அண்ணன்?" என்று கேட்டோம். "வாய் இவ்வளவுதான் சேர் திறக்கும்" என்று ஒரு விரலை வாயருகே வைத்துக் காட்டினார். "உறைப்புப் பட்டா நெருப்பு மாதிரி எரியுது. பாணைத் தேத்தண்ணியில நனைச்சுத்தான் சாப்பிடுறன். இருபது வருஷமா வெத்திலை போடுறன் சேர். இரவு வேலைக்கு அது இல்லாம ஏலாது." அவர் இதைச் சொல்லியபோது தம் மகன் வரைந்த படத்தின் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். வாய்ப்புண்ணை ஆற்றும் என்ற வரி அவருடைய தலைக்கு மேலே இருந்தது.

அன்று தொடங்கியே நாம் இவ்விடயத்தை ஆராய முற்பட்டோம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். வெற்றிலையில் ஒன்றுமே இல்லை என்று நாம் கூறவில்லை. அதன் காரமும் மணமும் அதிலுள்ள ஆவியாகும் எண்ணெயாலும் பினோல் வகைப் பொருள்களாலும் உண்டாகின்றன. கராம்பில் இருக்கும் யூஜினோல் வெற்றிலையிலும் இருக்கிறது. சவிபெற்றோல், ஹைட்ரொக்சிசவிக்கோல் என்பனவும் இருக்கின்றன. இவற்றுட் சில கிருமிகளை அழிக்கும் ஆற்றல் உடையவை. ஹைட்ரொக்சிசவிக்கோல் உயிரணுக்களில் மரபு மாற்றம் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1986-ஆம் ஆண்டிற் பம்பாய் ஆய்வாளர் சோதனைக் குழாயில் மெய்ப்பித்தனர். இவை உண்மைகள். நேர்மையான விஞ்ஞானிகள் நேர்மையாகக் கண்டவை. வாயில் ஒரு வெற்றிலையை மட்டும் இட்டு மென்று துப்பிவிடும் மனிதன் ஒருவன் இந்நாட்டில் இருப்பானாயின், அவனிடம் இவற்றைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் அப்படி ஒரு மனிதன் எங்கே இருக்கிறான்? நமது மக்கள் மெல்லுவது இலையையன்று, கூற்றை. இலை வெறும் உறை. அதனுள்ளே பாக்கு, சுண்ணாம்பு, பெரும்பாலும் புகையிலை. உறையைப் பகுத்துப் பார்த்துவிட்டு உள்ளிருப்பதற்கு நற்சான்று வழங்குவது எந்த ஊர் விஞ்ஞானம்? நஞ்சுப் புட்டியைத் துடைத்துவிட்டு, கண்ணாடி தூயது என்று எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

உள்ளிருப்பதையும் பகுத்துப் பார்ப்போம். பாக்கில் அரிக்கோலின் என்னும் அல்கலொயிட்டு இருக்கிறது. வெற்றிலை போட்டவுடன் நெற்றி வியர்ப்பதும், உடல் சூடேறுவதும், உறக்கம் கலைவதும் அதன் வேலையே. சுண்ணாம்பு சேரும்போது அரிக்கோலினின் ஒரு பகுதி அரிக்கைடினாக மாறுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையால் பாக்கிலுள்ள கட்டேச்சின் முதலியன ஒக்சிசனுடன் வினைப்பட்டு, உயிரணுக்களைத் தாக்கும் பொருள்களைப் பிறப்பிக்கின்றன. நமது எச்சிலில் இயல்பாகவே இருக்கும் நைத்திரைற்றுடன் அரிக்கோலின் சேர்ந்து நைற்றோசமைன்கள் உண்டாகின்றன. இவற்றுட் சில விலங்குகளிற் புற்றுநோயை உண்டாக்குவதாக நிறுவப்பட்டவை. பாக்கின் தனினும், அதிலுள்ள மிகுதியான செம்பும், கன்னத்தின் உட்புறத்திலுள்ள நார்ப்பொருளைப் பெருக்கி இறுக்குகின்றன. மென்மையாய் நெகிழ வேண்டிய தசை வெளிறிக் கயிறுபோல் விறைத்துவிடுகிறது. முதலில் எரிவு; பின்னர் வாய் திறவாமை. மருத்துவர் இதனை வாயின் சளிச்சவ்வடி நார்ப்பெருக்கம் என்பர். இருகிய வாய் பழக்கத்தை விட்ட பின்னரும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிலருக்கு அதுவே புற்றுநோயாக முடிகிறது. நமது மாணவனின் தந்தை ஒரு விரலால் அளந்து காட்டியது இந்நோயையே.

இனி, 'இலையாவது குற்றமற்றதல்லவா?' என்பார்கள். அங்கேயும் ஒரு செய்தி இருக்கிறது. இலங்கையில் விளையும் சாதாரண வெற்றிலையின் எண்ணெயை நமது நாட்டு ஆய்வாளரே பகுத்து, 2005-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வெண்ணெயில் மிகுதியாக இருப்பது சாப்றோல் என்று அவர்கள் கண்டனர். இந்தச் சாப்றோலை உணவிற் சேர்க்கலாகாது என்று அமெரிக்கா 1960-ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது; விலங்குகளின் ஈரலில் அது புற்றுநோயை உண்டாக்கியதே காரணம். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள்களின் வரிசையிற் சருவதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதனை வைத்திருக்கிறது. இதனால் வெற்றிலையே நஞ்சு என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. விலங்கிற் கண்டது வேறு, மனிதனில் நிறுவுவது வேறு. நாம் கேட்பது ஒன்றே. பகுப்பாய்வின் பெயரால் வக்காலத்து வாங்குவோர் யூஜினோலை எடுத்துக் காட்டும்போது சாப்றோலை ஏன் ஒளித்து வைக்கிறார்கள்? ஒரு பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுபவன் ஆய்வாளனல்லன், தரகன்.

விஞ்ஞானம் கைவிட்டதும் இவர்கள் பண்பாட்டின் துணையை நாடுவார்கள். இங்கே தமிழ் படித்த நாம் வாய்திறக்கவே வேண்டும். தாம்பூலம் தமிழரின் பழைய வழக்கம் என்பதில் ஐயமில்லை. மதுரையிற் கோவலன் கடைசியாக உண்டெழுந்தபோது கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுத்தாள் என்று சிலப்பதிகாரம் காட்டுகிறது. நிச்சயதார்த்தம் தாம்பூலத்தால் உறுதியாகிறது. சிங்கள மக்களும் ஆசிரியருக்கும் மூத்தோருக்கும் வெற்றிலை கொடுத்து வணங்குகிறார்கள். புத்தாண்டுக் காலையில் ஒருகொடவத்தையில் இரு இனத்து வீடுகளிலும் ஒரே இலை கைமாறுவதை நாம் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். இந்த மரியாதையை யாரும் அழிக்க வேண்டியதில்லை. கொடுப்பது வேறு, இரவு முழுவதும் அதக்கிக்கொண்டிருப்பது வேறு. அன்றியும், கண்ணகி கொடுத்த தாம்பூலத்திற் புகையிலை இருந்திருக்க முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் காலத்துக்குப் பின்னரே நம்மிடம் வந்தது. அதனைப் 'பரம்பரை' என்று கூறுவோர் தங்கள் பரம்பரையைத் தாமே அறியாதவர்.

'அப்படியானால் புகையிலையை நீக்கிவிட்டால் தீர்ந்தது' என்று ஒரு கட்சி கிளம்பும். 1985-ஆம் ஆண்டில் மேற்கூறிய சருவதேச நிறுவனம் புகையிலை சேர்ந்த தாம்பூலமே மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று கூறியது. புகையிலை சேராததற்குச் சான்று போதாது என்றது. பல படித்தவர்கள் இன்னும் அந்த ஆண்டிலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால் 2003-இற் கூடிய நிபுணர் குழு, சேர்ந்திருக்கும் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து, புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்குத் தனியாகவுமே, புற்றுநோய் விளைப்பவை என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டில் அம்முடிவு நூலாக வெளிவந்தது. எனவே கண்ணகியின் பெயரைச் சொல்லியும் தப்பமுடியாது. பழமை மதிப்புக்குரியது, ஆனால் பழமை மருத்துவச் சான்றாகாது.

'எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரை இடித்து இடித்துப் போட்டாள்' என்ற வாதமும் உண்டு. பாட்டி வாழ்ந்ததை மறுப்பாரில்லை. பிழைத்தவர் மட்டுமே பேரப்பிள்ளைகளின் நினைவில் சாட்சியாக நிற்கிறார். நாற்பதில் மறைந்தவருக்குச் சாட்சி சொல்லப் பேரப்பிள்ளையே இல்லை. 1933-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரின் நெய்யூரில் மருத்துவராயிருந்த ஓர் என்பவர், தம்மிடம் வந்த வாய்ப்புற்று நோயாளரையும் அவர்களுடைய தாம்பூலப் பழக்கத்தையும் ஆராய்ந்து இலண்டன் மருத்துவ ஏடாகிய லான்செற்றில் எழுதினார். வாய் இறுகும் நோயை 1952-இல் ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் சுவாட்ஸ் என்பவர் கண்டு எழுதினார்; அடுத்த ஆண்டில் பம்பாயில் ஜோஷி அதனைக் கண்டார். உண்மை இன்று நேற்றுப் பிறந்ததன்று. இந்நாட்டு ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோயே முன்னணியில் நிற்கிறது என்று தேசியப் பதிவேடு ஆண்டுதோறும் கூறிவருகிறது. மகரகமை ஆஸ்பத்திரியின் வரிசையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவனுக்குப் பதிவேடும் வேண்டியதில்லை.

இதுவரை வக்காலத்து வாங்குவோரைப் பற்றிக் கூறினோம். இனி, கண்டனம் செய்வோரைப் பற்றியும் கூறவேண்டும். இவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நல்ல வீடுகளில் இருந்துகொண்டு, 'இந்தச் சனங்களுக்கு அறிவில்லை. வீதியெல்லாம் துப்பி நாறடிக்கிறார்கள். சொன்னாலும் திருந்தமாட்டார்கள்' என்று மூக்கைச் சுளிப்பார்கள். சுவரிற் படிந்த சிவப்புக் கறை இவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கறையைத் துப்பியவனின் வாய்க்குள்ளே இருப்பது தெரிவதில்லை.

பேஸ்லைன் வீதி அவிசாவளை வீதியைச் சந்திக்கும் ஒருகொடவத்தைச் சந்திக்கு இரவு பதினொரு மணிக்குமேல் இவர்கள் வந்து பார்க்கட்டும். துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லொறிகள் வரிசையாக நிற்கின்றன. சாரதியும் உதவியாளனும் எப்போது முறை வரும் என்று அறியாமல் காத்திருக்கிறார்கள். பண்டகசாலையிற் சுமை இறக்குபவன் விடியும்வரை நிமிர்வதில்லை. தூங்கினால் வேலை போகும். சக்கரத்தின் முன் தூங்கினால் உயிர் போகும். உண்பதற்கு நேரமுமில்லை, கடையுமில்லை. சந்தியில் ஒரு சிறு தட்டில் வெற்றிலைக் கூறு மட்டும் இருக்கிறது. ஒரு கூறு பசியை மறக்கச் செய்கிறது; கண்ணைத் திறந்து வைக்கிறது. அரிக்கோலின் மூளையில் நிக்கொற்றின் தொழிற்படும் அதே வாயில்களிற் சிலவற்றைத் தொடுகிறது என்று 2015-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நிகழ்ந்த ஆய்வொன்று காட்டியது. ஆகவே, நினைத்தவுடன் விட்டுவிடக்கூடிய பழக்கமுமன்று இது. இம்மனிதன் அறிவின்மையால் மெல்லவில்லை. நித்திரையை விற்றுக் கூலி வாங்குபவன் விழிப்பை விலைக்கு வாங்குகிறான். தேயிலைத் தோட்டத்தில் மலையேறிக் கொழுந்து பறிக்கும் நமது சகோதரியின் இடுப்பு மடியில் இருக்கும் வெற்றிலைச் சுருளுக்கும் கதை இதுவேயாகும்.

உலகின் மறுபுறத்திலும் இக்கதை நடந்திருக்கிறது. தென்னமெரிக்காவின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தில் ஸ்பானியர் உள்ளூர் மக்களைக் கட்டாய வேலை வாங்கியபோது, அவர்கள் கொக்கா இலையை மென்று பசியையும் களைப்பையும் மறந்தனர். பாதிரிமார் அது பேயின் இலை என்று பழித்தனர். இலை இன்றிச் சுரங்கம் நடவாது என்று கண்டதும், ஆண்டவர்கள் அதை அனுமதித்து வரியும் வாங்கினார்கள். 1860-இல் ஜெர்மனியில் அல்பேட் நீமன் அவ்விலையிலிருந்து கோக்கெயினைப் பிரித்தெடுத்து எழுதினார். 1950-இல் ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு ஒன்று, இலையை மெல்வதனால் தொழிலாளியின் உழைப்புத் திறன் குறைகிறது என்று குறைப்பட்டுக்கொண்டது. இலையைப் பகுத்தார்கள், மெல்பவனையும் பகுத்தார்கள். சுரங்கத்தை மட்டும் எவரும் பகுக்கவில்லை. கொக்கா வேறு, வெற்றிலை வேறு. ஆனால் பகுப்பவரின் கண் எந்த இடத்தில் மூடிக்கொள்கிறது என்பது இரண்டிலும் ஒன்றே.

இலாபம் எங்கே செல்கிறது என்பதையும் பார்ப்போம். பாக்கு நமது வரலாற்றில் வெறும் மெல்லும் பொருளாக இருந்ததில்லை. கண்டி இராச்சியத்துப் பாக்கைத் தென்னிந்தியாவுக்கு ஏற்றும் வணிகத்தை ஒல்லாந்தர் தம் ஏகபோகமாக்கிக் கொழுத்தனர். 2000-ஆம் ஆண்டில் இந்தியாவுடன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் வரிச்சலுகையைப் பயன்படுத்தி, அந்நிய நாட்டுப் பாக்கை இங்கே இறக்கி, இலங்கைப் பாக்கு என்று பெயர் சூட்டி இந்தியாவுக்கு மீண்டும் ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2010-களின் பிற்பகுதியிற் பெரும் சர்ச்சையாயிற்று. பாக்குக்குக் கடவுச்சீட்டு மாற்றிக் கொடுத்தோர் யாரும் இரவில் மூட்டை சுமந்தவரல்லர். 2016 செப்டெம்பரில் அரசாங்கம் புகையிலை கலந்த மெல்லும் பண்டங்களை வர்த்தமானி மூலம் தடைசெய்தது. நல்ல செயல், வரவேற்கிறோம். ஆனால் பாபுல் பொட்டலம் இன்னும் கைமாறுகிறது. மாணவனின் புத்தகப்பையிலிருந்தே நாம் அதைக் கண்டெடுத்திருக்கிறோம். புகையிலை இல்லாத பாக்கையோ அச்சட்டம் தொடவேயில்லை.

இவற்றையெல்லாம் கூறுவதனால் வெற்றிலைக் கொடி வளர்க்கும் ஏழைக் கமக்காரனின் வயிற்றில் அடிக்கிறோம் என்று ஒருவரும் கண்ணீர் வடிக்க வேண்டாம். குருநாகலையிலும் கம்பஹாவிலும் சிறு தோட்டங்களில் வெற்றிலை பயிரிட்டு, பாக்கிஸ்தானுக்கு ஏற்றுமதியாவதை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு மாற்றுப் பயிரும் அதற்கான உதவியும் சந்தையும் வேண்டும்; அதைக் கொடுக்கவேண்டியது அரசாங்கத்தின் கடமை. வெற்றிலையின் யூஜினோலும் ஹைட்ரொக்சிசவிக்கோலும் உண்மையிலேயே பயனுடையவையாயின், அவற்றைப் பிரித்தெடுத்து மருந்தாக்கும் தொழிலை இங்கே தொடங்கட்டும். அப்போது இரசாயனப் பகுப்பாய்வு கமக்காரனுக்கும் உதவும், நோயாளிக்கும் உதவும். அதைச் செய்யாமல், பகுப்பாய்வை விளம்பரத் துண்டாக்கித் தொழிலாளியின் வாயில் திணிப்பதையே நாம் எதிர்க்கிறோம்.

செய்யவேண்டியது என்ன? அது மலையைப் பெயர்க்கும் காரியமன்று. வாய், திறந்தாற் கண்ணுக்குத் தெரியும் உறுப்பு. ஒரு விளக்கும் பயிற்சி பெற்ற இரு கண்களும் போதும். 1980-களின் தொடக்கத்திலேயே இலங்கையில் வாணகுலசூரியவும் அவருடன் உழைத்தோரும் கிராமத்துச் சுகாதார ஊழியருக்கு இப்பயிற்சியை அளித்து, புற்றுநோய்க்கு முந்திய நிலைகளை அவர்களாற் கண்டறிய முடியும் என்று நிறுவினர். ஆனால் சந்தேகத்துக்குரியோர் என்று மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களிற் பெருந்தொகையினர் செல்லவேயில்லை. நாட்கூலிக்காரனுக்கு ஒரு நாளின் விலை என்ன என்று அறிந்தவர்க்கு இது வியப்பாகாது. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய பெரும் ஆய்வு ஒன்று, வீடு தேடிச் சென்று வாயைப் பரிசோதித்ததனால் புகையிலை, மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் அறிவித்தது. வழி இருக்கிறது. அவ்வழியில் நடக்க மனமில்லை என்பதே உண்மை.

எனவே நாம் கோருவது இவை. பரிசோதனை தொழிலாளியின் வாயிலுக்கு வரவேண்டும். கொள்கலன் வளாகத்தின் படலையிலும் தோட்டத்தின் பிரட்டுக் களத்திலும், சம்பளம் வெட்டாமல், அது நடைபெற வேண்டும். இரவு வேலைக்கு நேர வரம்பும், இடையில் ஓய்வும், சூடான உணவும் தேநீரும் கிடைக்க வேண்டும். இவை தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டும். பாக்குப் பொட்டலத்தைப் பாடசாலைப் பிள்ளைக்கு விற்பது, புகையிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றமாக்கப்பட வேண்டும். அரைகுறை ஆராய்ச்சியை அச்சிட்டுப் பரப்பும் ஏடுகள், இலையோடு பாக்கையும் சுண்ணாம்பையும் சேர்த்து எழுதும் நேர்மையைக் கற்க வேண்டும்.

கடைசியாக ஆசிரியராகிய நமக்கும் எழுத்தாளராகிய நண்பர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறோம் என்கிறோம். பொருளைக் கூறுபடுத்திப் பெயர் சொல்வதோடு விஞ்ஞானம் முடிந்துவிடுவதில்லை. கூறுபடுத்தியதை மீண்டும் ஒன்றாக்கி, அது யாருடைய வாயில், எந்த நேரத்தில், எதற்காக இருக்கிறது என்று கேட்பதும் விஞ்ஞானமே.

அந்த மாணவன் தன் படத்தைக் கழற்றி எறியவில்லை. நாமும் எறியச் சொல்லவில்லை. விடுமுறைக்குப் பின் இலையைச் சுற்றிப் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் வரைந்து, புதிய அம்புக்குறிகளுடன் அதைக் கொண்டுவந்தான். 'வாய்ப்புண்ணை ஆற்றும்' என்ற வரியை அடித்துவிட்டு, அதன் கீழே, 'அப்பாவுக்கு ஆற்றவில்லை' என்று எழுதியிருந்தான். இம்முறை அவனுடைய எழுத்திற் பிழை ஒன்றும் இல்லை.